ஆரஞ்சு டாட்சனா, வெளுத்த டாட்சனா?

கேள்வி: பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பாதுகாக்க வேண்டும், அவ்வப்போது ஓட்டவும் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்போது 1972ஆம் வருடத்து டாட்சன் 240 இசட் இரண்டு ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று ‘முழுக்க ரெஸ்டோர் செய்தது’ என்கிறார்கள். ஆரஞ்சு நிறம், கண்ணைப் பறிக்கிறது. ஆனால் வேலை செய்த ரசீது, படம் எதுவும் இல்லை. என்ஜினும் வேறு. இன்னொன்று கம்பெனி பெயிண்ட் வெளுத்து, டாஷ்போர்டு வெடித்து, கதவோரம் லேசான துருவோடு நிற்கிறது. ஆனால் என்ஜின் அதோடு வந்ததுதான், பழைய சர்வீஸ் பில்களும் இருக்கின்றன. என் மைத்துனர் ஆரஞ்சு காரை எடுக்கச் சொல்கிறார். நண்பரோ, ‘இரண்டும் வேண்டாம், ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் வாங்கு, விலை ஏறும்’ என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வெளுத்த காரை எடுங்கள். ஆனால் அதை ராம்ப்பில் ஏற்றி, அடிவயிறு முழுவதையும் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். ராம்ப்பில் ஏற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரையும் விட்டுவிடுங்கள்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 240 இசட் அபூர்வமான கார் அல்ல. 1969 கடைசியில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வந்த எஸ்30 வரிசையின் ஏற்றுமதி வடிவம் அது. அமெரிக்காவில் 1970இல் அதன் விலை 3,526 டாலர். ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்று இவ்வளவையும் அந்த விலைக்கு அன்று வேறு யாரும் கொடுக்கவில்லை. நான்கே வருடத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கார்கள் போனது அதனால்தான். அதே காலத்து ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரான டொயோட்டா 2000 ஜிடி மொத்தமே 351 என்பார்கள். அது எந்த நிலையில் கிடைத்தாலும் வாங்க ஆள் வரிசையில் நிற்கும். 240 இசட்டுக்கு அப்படியில்லை. வாங்குகிறவர் பத்துக் கார் பார்த்து ஒன்றைப் பொறுக்கலாம். ஆகவே இங்கே எண்ணிக்கைக்கு மதிப்பில்லை, நிலைமைக்குத்தான் மதிப்பு.

விலை மலிவு என்பதால் அதை யாரும் பொத்திப் பொத்தி வைக்கவில்லை. பனிக்காலத்தில் உப்பு தூவிய சாலைகளில் தினமும் ஓட்டினார்கள். தகடு மெலிசு, துருத் தடுப்பும் பேருக்குத்தான். அந்த ஒன்றரை லட்சத்தில் கம்பெனி வைத்த தகடு இன்னும் கெட்டியாக இருக்கும் வண்டிகள்தான் உண்மையில் அரிது. என்ஜினைத் திரும்பக் கட்டலாம். சீட்டுத் துணி மாற்றலாம். அரித்துப்போன உடம்பைச் சரிசெய்யப் போனால் செலவுக்கு அடி தெரியாது.

ராம்ப்புக்குப் போகும் முன் பானட்டைத் திறந்து, பின்மூலையில் இருக்கும் பாட்டரியைப் பாருங்கள். ஐம்பது வருடமாகக் கசிந்த ஆசிட் அந்தத் தட்டைத் தின்று, அதன் கீழே ஓடும் சட்டத்துக்கும், அங்கிருந்து கால் வைக்கும் தரைக்கும் இறங்கியிருக்கும். பாட்டரியை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கறுப்புப் பெயிண்ட் அங்கே மட்டும் தெரிந்தால், கீழே படுத்து மறுபக்கத்தையும் பாருங்கள். அடுத்தது உள்தரை. கார்ப்பெட்டுக்கு அடியில் சத்தத்தை அடக்கத் தார் அட்டை ஒட்டியிருப்பார்கள். அதற்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் ‘தொப்’ என்று மாறினால், அங்கே தகடு இல்லை, தகட்டின் பேர்தான் இருக்கிறது. கண்ட இடத்தில் ஜாக்கி வைத்ததில் அடிச்சட்டங்கள் நசுங்கியிருக்கும். நசுங்கல் பரவாயில்லை, அதை மூடி மேலே இன்னொரு தகட்டை வெல்டிங் வைத்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, ஸ்டெப்னி குழி, டிக்கிக் கதவு வந்து அமரும் இடம், முன் ஃபெண்டருக்குள் சேறு தங்கும் கீழ்மூலை ஆகியவற்றையும் விடாதீர்கள்.

மெல்லிய துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம் கையில் இருக்கட்டும். ஃபெண்டரில் நன்றாக ஒட்டிய காந்தம் பின்வளைவில் வழுக்கி விழுந்தால், அங்கே விரல் கனத்துக்குப் பட்டி பூசியிருக்கிறது. ஆரஞ்சு காரிடம் எனக்கிருக்கும் பயமும் இதுதான். புதுப் பெயிண்ட் பட்டியை மறைக்கும், வெல்டிங்கை மறைக்கும், துருவைக்கூட ஓரிரண்டு வருடம் மறைக்கும். வெளுத்த பெயிண்டால் எதையும் மறைக்க முடியாது. கதவோரத் துருவை அந்தக் கார் உங்களிடம் ஒளிக்கவில்லை பாருங்கள்!

ரெஸ்டோர் செய்த கார் என்றாலே ஆகாது என்று சொல்லவில்லை. 1990களின் பிற்பகுதியில், டாட்சனைச் செய்த கம்பெனியான நிஸானே அமெரிக்காவில் பழைய 240 இசட்களை வாங்கி, புதுப்பித்து, தன் டீலர்கள் வழியாக விற்றது. அவற்றுக்கு இன்றும் மரியாதை உண்டு, ஏனென்றால் யார் செய்தது என்பது தெரியும். உங்கள் ஆரஞ்சு காருக்கு அந்த ஆதாரம் இல்லை. பெயிண்டை உரித்த நிலையில், வெல்டிங் நடக்கும்போது எடுத்த படங்கள் ஒரு நல்ல பட்டறையில் கட்டாயம் இருக்கும். இவ்வளவு செலவழித்து வேலை செய்தவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். ஆரஞ்சு, கம்பெனி கொடுத்த நிறங்களில் ஒன்றுதான். இந்தக் காருக்குக் கொடுத்ததா என்பது வேறு விஷயம். டாஷ்போர்டுக்கு அடியிலும் கதவு அட்டைக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள், பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

எண்களைச் சரிபார்ப்பது எளிது. சேஸிஸ் நம்பர் என்ஜின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும். என்ஜின் அறைக்குள் இருக்கும் தகட்டில் கார் நம்பரோடு என்ஜின் நம்பரும் இருக்கும். என்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். மூன்றும் பொருந்தினால்தான் ‘மேட்சிங் நம்பர்ஸ்’, அதாவது காரோடு வந்த அதே என்ஜின், என்ற சொல்லுக்குப் பொருள். ஆரஞ்சு காரில் இருப்பது பிறகு வந்த 280 இசட்டின் 2.8 லிட்டர் என்ஜினாக இருக்கலாம். பலர் அப்படி மாற்றியிருக்கிறார்கள். ஓட்டுவதற்கு அது இன்னும் சுகம்! ஓட்டுவது மட்டுமே உங்கள் ஆசை என்றால் நானே அதைத் தடுக்க மாட்டேன். சேகரிப்பு என்றும் எழுதியிருக்கிறீர்களே.

டாஷ்போர்டு வெடிப்புக்குக் கவலை வேண்டாம், வெடிக்காத 240 இசட்டைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இனி நண்பரின் ஆர்32. அதுவும் நிஸான் செய்த அருமையான கார். 1989இல் வந்தது, 2.6 லிட்டர் இரட்டை டர்போ, நான்கு சக்கர இழுவை, ஜப்பானிய டூரிங் கார் பந்தயத்தில் ஓடிய 29 பந்தயத்திலும் வெற்றி. 25 வருடம் ஆன கார்களை மட்டும் தடையில்லாமல் இறக்க விடும் அமெரிக்க விதியை 2014இல் தாண்டியதும் கிராக்கி கூடியது உண்மை. நண்பர் பார்ப்பது அந்த ஏற்றத்தை. ஆனால் அது நடந்து முடிந்த கதை. இன்று வாங்குகிறவர் ஏறிய விலையைக் கொடுத்துத்தான் வாங்குகிறார். கை வைக்காத ஆர்32 கிடைப்பதும் கஷ்டம். டர்போ, பூஸ்ட், எக்ஸாஸ்ட் என்று ஏதாவது மாற்றாத உரிமையாளர் குறைவு.

சாதாரண ஸ்கைலைனுக்கு ஜிடி-ஆர் பம்பரும் பேட்ஜும் மாட்டி விற்பதும் உண்டு. அசல் காரின் சேஸிஸ் நம்பர் பி.என்.ஆர்.32 என்று தொடங்கும். எச்.சி.ஆர்.32 என்று இருந்தால் அது வேறு கார். மற்ற நாட்டுக் கார்களுக்கு உள்ள 17 இலக்க சேஸிஸ் எண்ணைப் போட்டு வரலாறு தேடும் வழி ஜப்பான் வண்டிகளுக்குப் பலிக்காது. இங்கே காந்தத்தின் தீர்ப்பு தலைகீழ்: அசல் ஆர்32 ஜிடி-ஆருக்கு பானட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம், எனவே காந்தம் ஒட்டக் கூடாது. ஜப்பான் ஏலத்தில் வந்த காரென்றால், காரின் நிலையைச் சோதித்து எழுதிய ஏலத் தாளின் அசலைக் கேளுங்கள். தரம் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் ‘ஆர்’ இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. தாளில் உள்ள கார் படத்தின் மேல் ‘எஸ்’ என்றால் துரு, ‘டபிள்யூ’ என்றால் பெயிண்ட் வேலை செய்த இடத்தில் தெரியும் அலை போன்ற மேடுபள்ளம். விற்பவர் காட்டும் தாளை மட்டும் நம்பாமல், ஏல எண்ணை வைத்துத் தனியாக ஒரு பிரதி வாங்கிப் பாருங்கள். தாளைத் திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

விலை ஏறுமா என்றால், அதை நம்பி இந்த வகைக் கார் எதையும் வாங்காதீர்கள். காப்புறுதி, நிறுத்த ஈரமில்லாத இடம், ரப்பர் சாமான், வருடாந்தர வேலை எல்லாம் சேர்ந்தால் ஏறுகிற விலையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

வெளுத்த காரை வாங்கியதும் பெயிண்ட் அடிக்கத் துடிக்காதீர்கள். மைத்துனர் சொன்னாலும் கேட்காதீர்கள்! கதவோரத் துருவை மட்டும் சுரண்டி நிறுத்தி, மீதியைக் கழுவி மெதுவாகப் பாலிஷ் போட்டால் போதும். பழைய சர்வீஸ் பில்களை வருட வரிசையில் கோப்பில் போடுங்கள். முதல் நீண்ட பயணத்துக்கு முன் பெட்ரோல் ஓடும் ரப்பர் குழாய்கள், பிரேக் குழாய்கள், டயர்கள் மூன்றையும் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஓடும்போது காருக்குள் புகை நாற்றம் வந்தால் என்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். இந்தக் காரில் அது பெரும்பாலும் டிக்கிக் கதவின் ரப்பரும் பின்விளக்குகளின் ரப்பரும் காய்ந்துபோனதால் வருவது.