விளையும் மறுகாலும்

அன்புள்ள ஐயா,

இயற்கையே மக்களுக்கு மீண்டெழும் திறனைத் தருகிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். நான் குளச்சலை அடுத்த கடற்கரை ஊரொன்றில் பிறந்தவன். 2004இல் கடலும் 2017இல் ஒக்கிப் புயலும் எங்களிடமிருந்து கொண்டுபோனவற்றை எண்ணும்போது, இது கடலோரம் வாழாதவர்களின் ஆறுதல் மொழியாகவே தோன்றுகிறது. எங்களுக்குத் தேவை தடுப்புச் சுவரும், கரையிலிருந்து கடலுக்குள் கல்லடுக்கி நீட்டும் தூண்டில் வளைவும் அல்லவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஒக்கி வீசியபோது ஆழ்கடலில் இருந்தவர்களை எந்த மரமும் காத்திருக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது உரிய நேரத்தில் படகை எட்டும் எச்சரிக்கை. ஆழிப்பேரலையைக் கடலோரக் காடுகள் தணித்தனவா என்பதிலும் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. கடலூர்க் கரையில் மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று சிலர் காட்டினர். அவ்வூர்கள் மேட்டிலும் கடலைவிட்டுத் தள்ளியும் இருந்ததே காரணம் என்று வேறு சிலர் மறுத்தனர். ஆகவே, பழையாறு கடல் சேரும் மணக்குடியில் வளர்க்கப்பட்டிருக்கும் அலையாத்திக் காட்டை அடுத்த பேரலைக்கான மதிலென்று நான் சொல்ல மாட்டேன். மீன்குஞ்சும் இறாலும் வளர இடம்தந்து, கரைமண்ணைப் பிடித்துவைக்கிறது. அந்த அளவில் அது பெரிய உதவிதான்.

என் கட்டுரையில் நான் மனத்தில் வைத்திருந்தது, அடி விழுந்தபின் ஒரு குடும்பமும் ஊரும் எத்தனை காலத்தில் எழுகின்றன என்ற கேள்வியை. ஒக்கிக்குப் பிறகு குலசேகரம் பக்கம் என் மாமாவின் விளைக்கு, அதாவது பல பயிர் கலந்து நிற்கும் தோட்டத்துக்கு, போயிருந்தேன். பக்கத்து ரப்பர்த் தோட்டம் முழுவதும் முறிந்து கிடந்தது. மறுபடி நட்டுப் பால்வெட்ட ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். மாமாவுக்கும் வாழை அத்தனையும் சாய்ந்திருந்தது, தென்னையில் பாதி போயிருந்தது. ஆனால் மண்ணுக்குள் மரச்சீனி என்னும் மரவள்ளிக்கிழங்கு இருந்தது. அயனியும் கிழட்டுப் பலாவும் நின்றன, பலாவில் படர்ந்த நல்லமிளகும் தப்பியது. வாழைக்கட்டைகளில் சில வாரங்களிலேயே கன்று தலைகாட்டியது. மின்சாரம் திரும்பாத அந்த நாட்களில் மாமி கிழங்கு தோண்டி அண்டை வீடுகளுக்கும் கொடுத்தார். பத்து வகைப் பயிர் நின்ற நிலத்தில் எல்லாம் ஒரே நாளில் போய்விடவில்லை.

நாஞ்சில்நாட்டுக் குளங்களையும் இப்படித்தான் பார்க்கிறேன். ஒரு குளம் நிறைந்தால் மிகுநீர் மறுகால் என்னும் வடிகால் வழியே பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். இடையிலுள்ள வயல்களும் நீரைத் தாங்கும். ஒரு ஏக்கர் வயலில் அரையடி நீர் நின்றாலே அது 6 லட்சம் லிட்டருக்கு மேல். அந்த வயலை மண்ணடித்து மனையாக்கினால் அத்தனை நீரும் எங்கே போகும் என்பதை 2021 நவம்பர் மழையில் பலர் தங்கள் வீட்டுக்குள்ளேயே கண்டார்கள். சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் பறவைகளைப் பற்றியே பேசினோம். இவை பாசனத்துக்காக மனிதர் வெட்டிய குளங்கள். பறவைகள் பின்னால் வந்தவை. கால்வாய் தூர்வாரவும் மடைநீருக்கு முறைவைக்கவும் வருடந்தோறும் கூடிய ஊருக்கு, வெள்ளம் வந்த இரவில் எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள் என்பதும் தெரிந்திருந்தது. அந்தப் பழக்கம் விட்டுப்போன இடங்களில் குளம் இருந்தும் பயனில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுவர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் தூண்டில் வளைவு ஓரிடத்தில் மணலைச் சேர்ப்பது பெரும்பாலும் அடுத்த ஊருக்குப் போகவேண்டிய மணலைத் தடுத்துத்தான் என்பதால், மனு எழுதும்போது பக்கத்து ஊர்க்காரர்களையும் உட்காரவைத்து எழுதுங்கள். உங்கள் கரையில் தாழையும் பனையும் நிற்கும் மணல்மேடு ஏதேனும் மிஞ்சியிருந்தால் அதைத் தொடக்கூடாது என்று மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். கல் ஏற்றிவரும் லாரிக்குப் பாதை போட முதலில் வெட்டப்படுவது அந்த மேடாக இருந்துவிடக் கூடாது.