யானையைக் கட்டாயம் காட்டுவதாகச் சொல்லும் ஏஜெண்டிடம் முன்பணம் கட்டாதீர்கள்

பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஒன்பது வயது மகனையும் மாமியாரையும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போக ஆசை. பட்டணத்தில் ஒரு ஏஜெண்ட், மூன்று நாள் பயணத்தில் யானையும், பன்றி போலிருக்கும் நீண்ட மூக்கு விலங்கான தாப்பிரும் கட்டாயம் பார்க்கலாம் என்கிறார். இந்த வாரமே 500 ரிங்கிட் முன்பணம் கட்டச் சொல்கிறார். புலி இருக்கும் காட்டுக்குப் பிள்ளையோடு போகலாமா?

போகலாம், சகோதரி. புலிக்குப் பயப்பட வேண்டாம். மலேசியாவில் இன்று மிஞ்சியிருக்கும் காட்டுப் புலிகள் 150-க்கும் குறைவு. மனிதச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் விலகிப் போகிற விலங்கு அது. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் காட்டுக்கு ஆட்களை அழைத்துப் போகிறேன். ஈர மண்ணில் கால்தடம் பார்த்திருக்கிறேன், புலியைப் பார்த்ததில்லை. பிள்ளையோடு போகும்போது கவனம் வேண்டியது ஆற்றிலும் வழுக்குகிற வேர்களிலும்தான். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறாதீர்கள். அட்டை கடிக்கும். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது என்பதால் கொஞ்ச நேரம் கசியும், ஆபத்தில்லை. பிடித்து இழுக்காமல் நகத்தால் தள்ளிவிடுங்கள்.

எனக்குக் கவலை அந்த ‘கட்டாயம்’ என்ற சொல்தான். தாமான் நெகாரா பகாங், கிளந்தான், திரெங்கானு என மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. பத்தடி தள்ளி யானை நின்றாலும் இலை மறைத்துவிடும். தாப்பிர் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். விலங்குகள் உப்பு நக்க வரும் இடத்துக்கு எதிரே மரக்குடில் இருக்கிறது, பும்புன் என்பார்கள். அங்கே இரவு முழுக்க விழித்திருந்தவர்களில் பலர் பார்த்தது எலியை மட்டும்தான். குரங்கு, காட்டுப்பன்றி, தலைக்கு மேலே இருவாட்சி சிறகடித்துப் போகும் சத்தம், இவைதான் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும். எனக்குக் கேட்டால் அந்தச் சிறகுச் சத்தம் ஒன்றே போதும்.

பட்டணத்து ஏஜெண்ட் உங்களை வழியிலுள்ள ஜெராண்டுட்டில் ஒருவரிடம் ஒப்படைப்பார், அவர் பூங்கா வாசலான கோலா தஹானில் இன்னொருவரிடம். ஒவ்வொருவரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, கடைசியில் வழிகாட்டிக்குச் சில்லறைதான் மிஞ்சும். அவர் உங்களை இழுத்துக்கொண்டு ஓடுவார். ஒருமுறை தோட்டத்துக் குடும்பம் ஒன்று ரசீதோடு படகுத்துறையில் நின்றது. படகுப் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. அந்தப் பாட்டியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பயண ஏஜெண்டுக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் கட்டாயம். ரசீதில் அந்த எண்ணைக் கேளுங்கள், வழிகாட்டியிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் அதிகாலையில் பால்மரம் சீவப் போகிறவர் இதையெல்லாம் எந்த அலுவலகத்தில் போய்ச் சரிபார்ப்பார்? ஏமாந்த பிறகு புகார்ப் பாரம் நீட்டுகிறார்கள். முன்கூட்டியே பட்டணத்துக்கு வந்து சொல்ல ஓர் அதிகாரி இல்லையா?

யானை கட்டாயம் உண்டு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்கிற இடம் ஒன்றே ஒன்று: பகாங்கில் லஞ்சாங் பக்கத்தில் உள்ள கோலா கண்டா யானைப் பாதுகாப்பு நிலையம். வனவிலங்கு இலாகா, பெர்ஹிலித்தான், 1989-இல் தொடங்கியது. செம்பனைத் தோட்டத்தில் புகுந்த காட்டு யானையை வேறு காட்டுக்கு மாற்றும்போது துணைக்குப் போகிற பழக்கிய யானைகள் அங்கே இருக்கின்றன. அவற்றை நிச்சயமாகப் பார்க்கலாம். ஆனால் அது தாமான் நெகாரா இல்லை, அவை காட்டில் திரிகிற யானைகளும் இல்லை. சில ஏஜெண்டுகள் வழியில் அங்கே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு ‘யானை பார்த்தாச்சு’ என்று கணக்கு முடிக்கிறார்கள். அங்கே போக ஏஜெண்டே வேண்டாம். சொந்தக் காரில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். மகனுக்கு யானைதான் முக்கியம் என்றால் முதலில் அங்கே கூட்டிப் போங்கள்.

டிசம்பரையும் விட்டுவிடுங்கள், அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆறு பொங்கும், பாதை சேறாகும். ஆண்டு நடு விடுமுறையில் போங்கள். மரங்களுக்கு இடையே கட்டிய தொங்குபாலத்தில் நீங்களும் மகனும் ஏறுங்கள். மாமியாருக்கு அந்தப் படிக்கட்டு வேண்டாம். தெம்பெலிங் ஆற்றில் ஒரு காலைப் படகுச் சவாரி அவருக்குப் பிடிக்கும்.