ஒற்றைக் கண்ணோடு முன்னால் நடந்தவன்

வணக்கம் சார்,

பைசாந்தியப் (கிழக்கு ரோமானிய) பேரரசர் இரண்டாம் பேசில் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். 976 முதல் 1025 வரை ஆண்டவர். 1014இல் பல்கேரியக் கைதிகள் 15,000 பேரின் கண்களைப் பறித்தார் என்பதற்காக அவரைக் கொடூரர் என்பது நியாயமா? அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே? அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அம்மா தியோபானோதான் காரணமா? மொத்தத்தில் அவர் மாமன்னரா, இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கல்யாண விஷயத்தை விடுங்கள், அது ஊர்வம்பு. மாமன்னரா என்றால், ஏழைக் குடியானவர்களிடமிருந்து வளைத்துப்போட்ட நிலத்தைப் பெரிய நிலக்காரர்கள் 40 வருடம் கையில் வைத்திருந்தாலும் அது அவர்களுக்குச் சொந்தமாகாது என்று 996இல் சட்டம் போட்டவர் அவர். 1018இல் பல்கேரியா முழுதும் கைக்கு வந்தபோது, காசாக வரி கேட்காமல், முன்பு போலவே தானியமாகக் கொடுத்தால் போதும் என்று விட்டவரும் அவரே. சரி, போதுமா?

ஆனால் "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். நாலைந்து மாதமாக இதே வாக்கியம் என்னைப் படுத்திக்கொண்டிருக்கிறது. யார் அந்த எல்லோரும்? கண்ணை இழந்தவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தானே? அவர்களை எப்படித் தம்பி கணக்கில் சேர்க்காமல் விட்டீர்கள்?

நடந்ததைப் பாருங்கள். கிளைடியன் கணவாயை பல்கேரிய அரசர் சாமுவேல் மரவேலி போட்டு அடைத்துவிட்டார். பேசிலால் நுழைய முடியவில்லை. அவருடைய தளபதி ஸிஃபியாஸ் பெலாசிட்சா மலையைச் சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து இறங்கினார். ஜூலை 29. சாமுவேல் தப்பிவிட்டார், படை மாட்டிக்கொண்டது. நூறு நூறு பேராகப் பிரித்து, 99 பேருக்கு இரண்டு கண்ணையும் எடுத்து, வழிகாட்ட ஒருவனுக்கு மட்டும் ஒரு கண்ணை விட்டு, அவர்களுடைய அரசரிடமே அனுப்பினார்கள். இதைச் சொல்பவர் ஸ்கைலிட்செஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர், அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியவர். 15,000 என்ற எண் மிகையாக இருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள், அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஸ்கைலிட்செஸ்தான் சொல்கிறார், வந்தவர்களைப் பார்த்ததும் சாமுவேல் மயங்கி விழுந்தார், தெளிந்து குளிர்ந்த தண்ணீர் கேட்டார், குடித்தார், இரண்டு நாளில் செத்துப்போனார். அவரும் ஆயுள் முழுக்கப் போர் பார்த்தவர்தான். எல்லோருக்கும் பழகிப்போன காரியமென்றால் அவர் ஏன் விழுகிறார்?

பேசிலின் கல்லறைப் பாடல் இருக்கிறது. என் ஈட்டி ஓய்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை, வாழ்நாள் முழுதும் விழித்திருந்தேன் என்று பெருமையாகச் சொல்கிறது. பறித்த கண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு அரசர்களை விட அந்த ஒற்றைக் கண்காரனைப் பற்றித்தான் யோசனை. கணக்குப்படி அப்படி 150 பேர். என் தாத்தாவுக்கு கண் அழுத்த நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன. ஒன்பது வயதில் தினமும் சாயங்காலம் நான்தான் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கையைப் பிடிக்க மாட்டார், என் இடது தோளில் நாலு விரலை மட்டும் வைத்துக்கொள்வார். படி வந்தால் "படி", வாய்க்கால் வந்தால் "வாய்க்கால்" என்று நான் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒருநாள் பம்பரம் விடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் சொல்ல மறந்துவிட்டேன். வாய்க்காலில் விழுந்து முழங்கால் கிழிந்து ரத்தம். எழுந்ததும் அவர் திட்டவில்லை, முதலில் என் தோள் எங்கே இருக்கிறது என்றுதான் கையால் துழாவினார். அந்த விரல்கள் தோளில் வந்து பட்டபோது எனக்கு வந்த அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

ஒரே ஒரு தாத்தா, தெரிந்த தெரு, எனக்கு இரண்டு கண். அவனுக்கு 99 பேர், மலைப்பாதை, ஒரே ஒரு கண், அதுவும் பக்கத்துக் கண்குழியின் வலியோடு. பள்ளம் வந்தால் அவன் சொல்வது பத்தாவது ஆளுக்குக் கேட்டிருக்குமா? பத்தாவது ஆள் பதினோராவது ஆளுக்குச் சொல்லியிருப்பானா? கடைசியில் வந்தவனுக்கு எப்போது தெரிந்திருக்கும்?