தங்கத்தைத் தள்ளிவிடும் குமிழ்

கேள்வி: சாத்தான்குளம் பக்கம், தேரியை (செம்மணல் மேட்டை) ஒட்டிய எங்கள் முருங்கைத் தோட்டத்தில் போன வாரம் காய் பறிக்கும்போது மருமகளின் இரண்டு பவுன் செயின் விழுந்துவிட்டது. ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் வாங்கினோம். ‘டிஸ்க்’ குமிழைக் கூட்டினால் தங்கம் மட்டும் காட்டும் என்கிறது உடன் வந்த புத்தகம். கூட்டினால் ஊமையாகிறது, குறைத்தால் ஓயாமல் கத்துகிறது. தங்கத்துக்கென்றே உள்ள மிஷின் 60,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் டிஸ்க் குமிழை அடியோடு குறையுங்கள். அது தேடித் தரும் குமிழ் அல்ல, கழித்துவிடும் குமிழ். கூட்டக் கூட்ட முதலில் இரும்பு ஆணி போகும், அடுத்து மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் போகும், கூடவே மெல்லிய தங்கமும் போய்விடும். இரண்டும் மிஷினுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் படும். கல் பொறுக்கப் போய் அரிசியைக் கொட்டிய கதைதான். திரையில் ‘கோல்டு’ என்று எழுதியிருந்தாலும் அதற்கும் இதே கதி.

செயின் இன்னும் மோசம். மோதிரம் முழு வளையம் என்பதால் நன்றாகக் கத்தும். செயினிலோ கண்ணிகள் சரியாக ஒட்டாமல் தொங்குவதால், மொத்தச் செயினாக அல்ல, ஒவ்வொரு கண்ணியாகத்தான் மிஷினுக்குத் தெரியும். இரண்டு பவுன் என்றாலும் சத்தம் கேட்பது பெரும்பாலும் கொக்கியிலிருந்தோ டாலரிலிருந்தோதான். ஆகவே அதேபோன்ற வேறொரு செயினை பிளாஸ்டிக் பையில் போட்டு, நீளமான நூல் கட்டி, மணலில் வைத்துச் சோதியுங்கள். நூல் அவசியம், அதையும் தொலைத்துவிடக் கூடாதே. எந்த உயரத்தில், எந்தச் சத்தம் வருகிறது என்று காது பழகட்டும். தேடுபவர் கொலுசு, மெட்டி போட்டிருந்தால் கழற்றட்டும். மண்வெட்டியும் பக்கத்தில் வேண்டாம்.

ஓயாத கத்தலுக்குக் காரணம் உங்கள் மண். தேரி மணல் சிவப்பாக இருப்பதே இரும்புச் சத்தால்தான். மிஷினின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் ‘சென்ஸ்’ குமிழைக் கத்தல் அடங்கும்வரை குறையுங்கள். சில மிஷின்களில் இதையே ‘டெப்த்’ என்று அச்சடித்திருப்பார்கள். பெயரைப் பார்த்து முழுக்கத் திருப்பினால் ஆழம் கூடாது, கூச்சல்தான் கூடும். மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் ‘கிரவுண்டு பேலன்ஸ்’ குமிழ் இருந்தால், உலோகம் இல்லாத இடத்தில் மிஷினின் அடியிலுள்ள வட்டத் தட்டை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே சத்தம் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்று புத்தகம் சொல்வதை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள். ஒரு மிஷினுக்கு எழுதிய புத்தகத்தை இன்னொரு மிஷினோடு வைத்து அனுப்புகிற வியாபாரம் இது.

அந்த 60,000 ரூபாய்க்காரர் கொண்டுவருவது கைப்பிடியில் ஏரியல் கம்பி வைத்து, நூறடி தூரத்துத் தங்கத்தைத் திரும்பிக் காட்டுகிறது என்றால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கம்பியைத் திருப்புவது பிடித்திருப்பவர் கைதான். இதே மாதிரிக் கம்பியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டன் நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. சோதனைச் சாவடிகளில் அதை நம்பியதற்கு உயிர்கள் போயின. இங்கே அதன் தம்பிகள் ‘புதையல் ஸ்கேனர்’ என்று உலவுகின்றன.

உறையில் விலையும் இறக்குமதியாளர் பெயரும் இல்லாவிட்டால் கேட்க 2011-இன் பொட்டலப் பொருள் விதிகள் உண்டு. உள்ளே இருக்கிற புத்தகம் பொய் சொன்னால் தானாக வந்து கேட்க ஓர் ஆளில்லை. புகாரை நாம்தான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுத் தொடங்க வேண்டும். பெட்டியையும் பில்லையும் வைத்திருங்கள்.

புத்தகம் சொல்லும் இரண்டு மீட்டர் ஆழம் அண்டா அளவுப் பொருளுக்கு. உங்களுக்கு ஆழம் தேவையே இல்லை, போன வாரம் விழுந்தது மேல்மணலில்தான் கிடக்கும். கயிறு கட்டி வரிசை பிரித்து, தட்டை மண்ணோடு ஒட்டி, மெதுவாக வீசுங்கள். சத்தம் வந்த இடத்தையெல்லாம் கிளறுங்கள், ஆணி வந்தாலும் சலிக்காமல். காற்றுக் காலம் பலப்பதற்குள் முடித்துவிடுங்கள். தேரியில் மணல் நகர்ந்து மேலே ஏறிவிட்டால், செயின் இந்த மிஷினுக்கு எட்டாது.