வெயில் எங்கே உட்காருகிறது?

அன்புள்ள ஐயா,

சூரிய ஆற்றலை மூலக்கூறுகளிலேயே சேர்த்துவைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். சோலார் பேனலும் பேட்டரியும் இவ்வளவு மலிவாகிவிட்ட பிறகு இந்த ஆய்வுகள் எதற்கு? அந்த மூலக்கூறில் வெயில் எங்கேதான் போய் உட்காருகிறது?

ம.

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல வருடங்களாக என்னை விடாமல் பிடித்திருப்பது அதுதான்.

நார்போர்னடையீன் என்றொரு திரவம். ஏழு கார்பன் அணுக்களாலான சிறு கூண்டு அதன் மூலக்கூறு. அதில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் எதிரெதிரே நிற்கின்றன. புற ஊதா ஒளி பட்டதும் அவை அவிழ்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. இப்போது அதன் பெயர் குவாட்ரிசைக்கிளேன். நான்கு பிணைப்புள்ள கார்பன் இயல்பாக விரும்பும் கோணம் ஏறக்குறைய 109 டிகிரி. புதிய வடிவத்தில் உள்ள மூன்று முனை வளையங்களிலோ அது 60 டிகிரிக்குள் மடங்கி நிற்கவேண்டும். நாணேற்றிய வில் மாதிரி. வெயில் உட்கார்ந்திருப்பது அந்த இறுக்கத்தில்தான்.

தகுந்த வினையூக்கியின் மேல் ஓடவிட்டால் வில் தளர்ந்து பழைய வடிவம் திரும்புகிறது, சேர்ந்த ஆற்றல் வெப்பமாக வெளிவருகிறது. எதுவும் எரிவதில்லை, புகையில்லை. அதே திரவத்தை மறுபடி வெயிலில் வைக்கலாம். சுடுநீரை எவ்வளவு பொத்திவைத்தாலும் ஆறிவிடும். இது அறை வெப்பத்திலேயே கிடப்பதால் ஆற என்று ஒன்றுமில்லை. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் காஸ்பர் மோத்-போல்சன் குழு 2019இல் வெளியிட்ட சோதனையில், திரவம் வினையூக்கியைக் கடந்ததும் வெப்பநிலை 63 டிகிரி செல்சியஸ் ஏறியது. 18 ஆண்டுகள் வரை ஆற்றலை வைத்திருக்க முடியும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

சிக்கலும் பெரிது. வெறும் நார்போர்னடையீன் உறிஞ்சும் ஒளி 300 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் கொண்டது. தரைக்கு வரும் வெயிலில் அது அநேகமாக இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை வாங்கவைக்க வேறு அணுத்தொகுதிகளை ஒட்டவேண்டும். ஒட்டினால் எடை கூடி, கிலோவுக்குச் சேரும் ஆற்றல் குறைகிறது. பலவற்றில் வில் தானாகவே சீக்கிரம் தளர்ந்தும் விடுகிறது.

இனி முதல் கேள்வி. மின்சாரம்தான் வேண்டுமென்றால் பேனலும் பேட்டரியும் போதும், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி வெப்பமாகத்தான் செலவாகிறது. வெப்பமாகவே தேவைப்படுவதை மின்சாரமாக்கித்தான் சேமிக்கவேண்டும் என்பதில்லை. இத்தாலிய வேதியியலாளர் ஜியாகோமோ சியாமிசியன் 1912இலேயே, நிலக்கரியை நம்பியிராமல் ஒளிவேதியியலால் வெயிலைப் பிடிக்கவேண்டும் என்று நியூயார்க்கில் பேசினார். ஒளியால் நீரைப் பிளக்கும், ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹோண்டா, ஃபுஜிஷிமாவின் 1972 ஆய்வு இன்னொரு பாதை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை வாங்கி, மாதக்கணக்கில் தளராமல் வைத்திருந்து, எடையும் கூடாத ஒரு மூலக்கூறு. நான் காத்திருப்பது அதற்காகத்தான்.