இந்தியாவிலிருந்து வரவிருக்கும் ஒருவர், மலேசியாவில் வேலை பார்க்கும் என்னிடம் கேட்ட கேள்வி: விசா இல்லாமல் மலேசியா வரலாம் என்கிறார்கள். பிறகு ஏன் சிலரை விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்புகிறார்கள்?

விசா வேண்டாம் என்பது உண்மைதான். இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் சலுகை இருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். முன்பு விசா விண்ணப்பத்தின்போது காகிதத்தில் நடந்த விசாரணை இப்போது கேஎல்ஐஏ, அதாவது கோலாலம்பூர் விமான நிலையக் குடிநுழைவுக் கவுண்டரில் இரண்டு நிமிடத்தில் நடக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. கூட்டிவந்த விமான நிறுவனமே திரும்பக் கூட்டிப்போக வேண்டும். அடுத்த இருக்கை கிடைக்கும்வரை காத்திருப்பு அறையில் கிடக்க வேண்டும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்தவர் கடை இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். வேலை எண்ணமும் உண்டு என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும், நடுப்பகுதியைத் தாண்டிப் படியுங்கள்.

முதலில் எம்டிஏசி, அதாவது டிஜிட்டல் வருகை அட்டை. தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. தேடினால் மேலே வந்து நிற்கும் பல தளங்கள் தனியாருடையவை, டாலரில் பணம் பிடுங்குகின்றன. தள முகவரி ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடிகிறதா என்று பாருங்கள். பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம் ஊர்க்காரர்களுக்குத் தகராறு வருவது பெரும்பாலும் இங்கேதான்: டிக்கெட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, அட்டையில் இரண்டும் இல்லாமல் வேறொன்று. கொழும்பு வழியாக வந்தால், அட்டையில் கடைசியாகப் புறப்பட்ட இடம் என்று எழுத வேண்டியது கொழும்பு, சென்னை அல்ல.

கையில் இருக்க வேண்டியவை: ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், 30 நாளுக்குள் திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கு அத்தாட்சி. தெரிந்தவர் வீடு என்றால் அவருடைய முழு முகவரி, கைபேசி எண், அழைப்புக் கடிதம், அவருடைய மைகாட் (மலேசிய அடையாள அட்டை) அல்லது பாஸ் (வெளிநாட்டவருக்கான தங்கும் அனுமதி) நகல். எல்லாவற்றையும் அச்சடித்துக்கொள்ளுங்கள், கவுண்டர் வரிசையில் இணையம் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். எத்தனை நாள், எங்கே, யாரோடு என்று கேட்டால் மூன்றுக்கும் உடனே பதில் வர வேண்டும். பினாங்கு போகிறேன் என்பவரிடம் எப்படிப் போவீர்கள் என்று கேட்பார்கள். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் விரைவு ரயில் ஏறி சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரியில் ஜார்ஜ்டவுன் என்று சொல்லத் தெரிந்தவரை யாரும் சுற்றுலாப் பயணி இல்லை என்று நினைப்பதில்லை.

“நான் பலமுறை வந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை” என்று கீழே கருத்து எழுதப்போகிறவர்களுக்கு: கேட்காமல் விடுவதும் அதிகாரியின் விருப்பம்தான். உங்களை விட்டார் என்பதால் அடுத்தவரையும் விடுவார் என்று ஆகாது.

இனி, எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் தரும் விஷயம். “முதலில் டூரிஸ்ட்டாக வந்துவிடுங்கள், உள்ளே வந்த பிறகு பெர்மிட் போட்டுக்கலாம்” என்று தஞ்சாவூரிலும் ராமநாதபுரத்திலும் ஏஜென்டுகள் இன்னமும் பணம் வாங்குகிறார்கள். அப்படி ஒரு வழியை நம்பி யாரும் விமானம் ஏறக் கூடாது. வேலைக்கான முறை இது: முதலாளி இங்கே விண்ணப்பிக்கிறார், ஒப்புதல் கடிதம் வருகிறது, நீங்கள் இந்தியாவில் இருந்தபடியே அதைக் காட்டி விசா வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். சுற்றுலாப் பயணியாக உள்ளே வந்தவருக்கு முத்திரையிடுவது சமூக வருகை பாஸ். அதில் சம்பளம் வாங்காமல் உறவினர் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாலும், தே தாரிக் (பால் தேநீர்) ஆற்றிக் கொடுத்தாலும், ரெய்டு வரும்போது அது வேலைதான். பாஸ் நிபந்தனை மீறல்தான். கடைக்காரரும் தப்ப முடியாது: குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவில் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தெரிந்தவர் உங்களை அன்பாகக் கூப்பிட்டிருக்கலாம். அவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

30 நாள் தாண்டினால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு: 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வந்திறங்கிய நாளே முதல் நாள் என்று எண்ணுங்கள். “பொது மன்னிப்பு வரும், 500 ரிங்கிட் கட்டிப் போய்விடலாம்” என்பார்கள். 2024இல் அப்படி ஒரு திட்டம் இருந்தது. ஆனால் அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் கதவல்ல. அதற்கு முன்னால் பிடிபட்டவர் தடுப்பு முகாமில்தான் இருப்பார்.

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் இசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அரசின் குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். இசிஆர் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இசிஆர் உள்ளவர் வேலைக்கு வருவதானால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இங்கே வந்த பிறகு முதலாளி உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்தால் அதுவும் குற்றம்; 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தில் தண்டனை உண்டு. இந்தியத் தூதரகம் கோலாலம்பூர் மோன்ட் கியாராவில் இருக்கிறது. இதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

யாருடைய பார்சலையும் தூக்கி வராதீர்கள், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஊறுகாய் டப்பாவாக இருந்தாலும். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில், பொருள் உங்கள் பையில் இருந்தால் அது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் சட்டம் தொடங்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கஞ்சா 200 கிராமோ அதற்கு மேலோ என்றால் கடத்தல் என்றே அனுமானம். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீங்கிவிட்டது. இப்போது நீதிபதி முடிவு செய்வார். மரண தண்டனை இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு சிறையும், ஆண்களுக்குக் குறைந்தது 12 பிரம்படியும். பினாங்கிலிருந்து ஹட்யாய் போய் வருகிறவர்கள் தாய்லாந்துக் கடைகளில் கஞ்சா கலந்து விற்கும் மிட்டாய்களைத் தொடவே வேண்டாம்.

சின்ன விஷயங்கள்: தெருவில் பாஸ்போர்ட் அசல் கையில் இருக்கட்டும், நகல் போதாது. உணவகங்களிலும் அவற்றைச் சுற்றி மூன்று மீட்டருக்குள்ளும் 2019 முதல் புகைக்கக் கூடாது. பினாங்கில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் இருசக்கர வாகனத்துக்கு முத்திரை உள்ள சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். கடைக்காரர் கேட்கமாட்டார், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்.

கொண்டோவில் (அடுக்குமாடிக் குடியிருப்பில்) நாள் வாடகை அறை எடுக்கும்முன் அந்தக் கட்டடம் அதை அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். நிர்வாகக் குழு தடை விதிக்கலாம் என்று 2020இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே மோன்ட் கியாரா வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. பினாங்குத் தீவில் இன்னும் கெடுபிடி. பணம் கட்டிய பிறகு காவலாளி கீழேயே நிறுத்தினால் இரவு பதினொரு மணிக்குப் பெட்டியோடு நிற்பது நீங்கள்தான்.

ஹோட்டலில் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். தலைக்கு அல்ல, அறைக்கு. இதில் எனக்கு ஒரு மனக்குறை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் விலக்கு. இங்கேயே வேலை பார்த்து வருமான வரி கட்டும் எங்களைப் போன்றவர்களும் ஈப்போ நகரில் ஓர் இரவு தங்கினால் சுற்றுலாப் பயணிகள்தான். கேட்டதற்குத் தொடர்பில்லாதது, தெரியும். ஆனாலும் சட்டம் வகுப்பவர்கள் வேலை பாஸ் உள்ளவர்களையும் அந்த விலக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக, 30 நாள் முடியும்போது தாய்லாந்து எல்லையில் ஒரு முத்திரை வாங்கித் திரும்பினால் புது 30 நாள் கிடைக்கும் என்ற யோசனை. கிடைத்தவர்கள் உண்டு. திரும்பும்போது அதே கேள்விகளை அதிகாரி மறுபடி கேட்பார், இந்த முறை முந்தைய முத்திரைகளைப் புரட்டிக்கொண்டே. அவர் விடவில்லை என்றால் உங்கள் துணிமணி கோலாலம்பூர் அறையிலும் நீங்கள் எல்லைக்கு வெளியிலும் மாட்டிக்கொள்வீர்கள். சுற்றிப்பார்க்க 30 நாள் தாராளம். அதற்கு மேல் இருக்கக் காரணம் இருந்தால் ஊருக்குப் போய், அந்தக் காரணத்துக்கு உரிய பாஸோடு வாருங்கள்.