தினமும் 300 பஸ்கி போட்டும் எம்ப முடியவில்லை, நரம்புத் தளர்ச்சியா?

கேள்வி: வயது 22. பென்னாகரம் அருகே கிராமம். காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறேன். தினமும் 300 பஸ்கி போட்டும், முழுக்கக் குந்தி உட்கார்ந்து எம்பினால் ஒரு சாண்கூட எழும்ப முடியவில்லை. பாதி மடக்கிச் சட்டென்று எம்பினால் நன்றாகவே எழும்புகிறேன். கயிறு ஏறும்போது பிடி நழுவுகிறது. தொடை நடுங்குகிறது, முட்டியில் சொடக்குச் சத்தம் வருகிறது. நரம்புத் தளர்ச்சி, தசை கரையும் நோய் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு வேறு அதிகம். ஒரு மாதம் முன்பு நீளம் தாண்டி இறங்கும்போது வலது முட்டியில் 'டப்' என்று சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரத்தில் வீங்கியது. கட்டுப் போட்டதில் சரியாகிவிட்டது. இப்போது திரும்பும்போது மட்டும் சில சமயம் நழுவுகிறது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன்.

பதில்: இதை வாசித்தபடியே ஒரு சோதனை செய்யுங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக முடிந்தவரை மடக்கி, அப்படியே முஷ்டியை இறுக்குங்கள். பிடி வராது. மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து மறுபடி இறுக்குங்கள். அதே கைதான், அதே நரம்புதான். பிடி இரும்பாக இருக்கும். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டு உள்ளே மடங்கினால் அந்தத் தசைகள் தொய்ந்துபோகும், இழுக்க மிச்சம் இருக்காது. கயிற்றில் உங்கள் மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று நண்பரைக் கீழே நின்று பார்க்கச் சொல்லுங்கள். முழங்கையை முழுக்க நீட்டித் தொங்கி அங்கிருந்து இழுப்பதும் வீண் சிரமம். சுமார் 90 பாகை மடங்கியிருக்கும்போதுதான் அதற்குப் பலம் அதிகம்.

தொடைக்கும் இதே கணக்கு. கால் நேராக இருந்தால் 0 பாகை, நாற்காலியில் உட்கார்ந்தால் 90 என்று வைத்துக்கொள்வோம். முன்தொடைத் தசையின் உச்ச பலம் 60, 70 பாகையில் கிடைக்கிறது. குந்தி உட்காரும்போது முட்டி 120ஐத் தாண்டிவிடும். அங்கே தசைக்குள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் இழைகள் விலகிப்போய்ப் பிடிப்பிடம் குறைகிறது. முட்டிச்சில்லு கொடுக்கும் நெம்புகோல் பலனும் குறைகிறது. பாதி மடக்கிச் சட்டென்று எம்பும்போது தசைநாண் ரப்பர்போல் நீண்டு திரும்பும் விசை கூடச் சேர்கிறது. குந்தி, நிதானித்து, பிறகு எம்பினால் அது கைக்கு வராது. இதில் நோய் எங்கே இருக்கிறது?

நேரத்தையும் பாருங்கள். தசை தன் முழு விசையை எட்டக் குறைந்தது 0.3 நொடி வேண்டும். நீளம் தாண்டும்போது கால் தரையில் இருப்பதோ சுமார் 0.12 நொடி. ஓடிவரும் வேகத்துக்கு அடுத்தபடியாக, அந்தக் கண்ணிமைப்பில் விசை எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதுதான் காவலர் தேர்வில் நீங்கள் தாண்ட வேண்டிய 3.80 மீட்டரைத் தீர்மானிக்கும். அப்போது முட்டி மடங்குவது ஏறக்குறைய 40 பாகை வரைதான். மெதுவாகக் குந்தி எழும் 300 பஸ்கி தாக்குப்பிடிக்கும் சக்தியை வளர்க்கும், இந்த வேகத்தை வளர்க்காது. நல்ல முட்டி உள்ளவர்கள் பாதி மடக்கிய நிலையிலிருந்து ஐந்து ஐந்தாக நான்கு சுற்று, சுற்றுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு, வாரம் இரண்டு நாள் எம்பினால் போதும். உங்களுக்கு இப்போது அதுவும் வேண்டாம், காரணம் கீழே.

300 பஸ்கிக்குப் பிறகு தொடை நடுங்காவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். வலியில்லாத சொடக்குச் சத்தத்தை மறந்துவிடுங்கள். ஃபுளோரைடு நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உண்மையான பிரச்சினைதான், லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டிய தண்ணீரைக் குடிக்கக் கூடாது, ஒகேனக்கல் குடிநீர் வருகிறதென்றால் அதையே குடியுங்கள். ஆனால் அது பல ஆண்டுகளில் முதுகையும் கழுத்தையும் விறைக்க வைக்கும் கோளாறு. ஒரே நாளில் ஒரே ஒரு முட்டியை வீங்க வைக்காது.

இத்தனை பயங்களுக்கு நடுவே, பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் 'சரியாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. இறங்கும்போது 'டப்' சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் வீக்கம், இப்போது திரும்பினால் நழுவல். இந்த மூன்றும் சேர்ந்தால், ஏ.சி.எல். என்கிற முட்டி ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றுதான், இல்லையென்று தெரியும்வரை, எந்த மருத்துவரும் எடுத்துக்கொள்வார். அடிபட்ட சில மணி நேரத்தில் வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள் கசிந்த ரத்தம். மறுநாள் மெதுவாக வரும் வீக்கத்தின் கதை வேறு. கட்டுப் போட்டதால் வீக்கம் வடிந்ததாக நினைக்கிறீர்கள், கட்டாவிட்டாலும் வடிந்திருக்கும். கிழிந்த ஜவ்வைக் கட்டு ஒட்டவைக்காது.

முட்டிக்குள் 20, 30 மி.லி. திரவம் மிஞ்சியிருந்தாலே தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், முன்தொடையின் உட்பக்கத் தசையைச் சுருங்க விடாமல் அடக்கிவைக்கும். வலது கால் தனியாகப் பலவீனமாகத் தெரிந்தால் அதற்கும் இது காரணமாக இருக்கலாம். யூடியூபில் தேடிய நேரத்தில் ஒரு டேப்பை எடுத்திருக்கலாம்: முட்டிச்சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே இரண்டு தொடைகளையும் அளந்து பாருங்கள். வலது தொடை 2 செ.மீ.க்கு மேல் இளைத்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவக் குருத்தெலும்பு நசுங்குகிறது. வலி மாத்திரை அந்த எச்சரிக்கையை உங்களுக்குக் கேட்காமல் செய்கிறது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அதைப் போட்டு ஓடினால் சிறுநீரகமும் அடிவாங்கும். இன்றோடு நிறுத்துங்கள்.

தாண்டுவது, திரும்பி ஓடுவது, எண்ணெய் போட்டு உருவுவது எதுவும் வேண்டாம். இந்த வாரமே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவுக்குப் போங்கள். முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் பரிசோதனையிலேயே பாதி தெரிந்துவிடும். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். ஜவ்வைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். முட்டி நடுவில் சிக்கிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். அதுவரை முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி 5 நொடி அழுத்தி விடுங்கள். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், எத்தனை விழுங்கினீர்கள் என்று கேட்பார்கள்.